விழுந்தவருக்கு நம் அணியில் என்ன இடம்?

(கங்கைகொண்ட சோழபுரத்தில் நமது அறக்கட்டளை நடத்திய கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில், விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் ஜெயித்த அணியைப் பாராட்டுவோம், கோப்பை கொடுத்தவருக்கு சால்வை போடுவோம், பந்தல் போட்டவருக்கு நன்றி சொல்வோம். இந்த ஆண்டும் அதையெல்லாம் செய்துவிட்டோம். மீதி இருக்கும் நேரத்தில், இன்று ஆடாத ஒருவரைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. நம் அணிக்கு ஐந்து வருடம் ஆடியவர். வயது இருபத்து நான்கு. வலது முழங்காலில் மூன்று முறை அடிபட்டவர்.

கடந்த மாதம் விளையாட்டுக் குழு கூடியபோது ஒரு கேள்வி வந்தது. "இவரை இன்னும் அணிப் பட்டியலில் வைத்திருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நம்மிடம் இருப்பது பதினெட்டு சட்டை. பிள்ளைகள் நிறையப் பேர் வெளியே காத்திருக்கிறார்கள். ஸ்பான்சர் கொடுக்கும் காசு கொஞ்சம். ஆடாத ஆளுக்கு ஒரு சட்டை எதற்கு என்பது நியாயமான கேள்விதான். இன்னொருவர், "நம்ம பிள்ளையை நாமே கைவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்றார். அதுவும் நியாயம்தான். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை பேசியும் முடிவு வரவில்லை. ஒரு வாரம் யோசித்து, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, மறுபடி கூடி முடிவு செய்தோம். எப்படி யோசித்தோம் என்பதையும் என்ன முடிவெடுத்தோம் என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

பெரிய கிளப்புகள் என்ன செய்தன?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. 2020 நவம்பர் 20ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. கொரோனா காலம். கோவாவில் பாம்போலிம் மைதானம், பார்வையாளர் யாரும் இல்லை. ஏ.டி.கே. மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. மோகன் பகான் பக்கம் இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் சண்டிகரைச் சேர்ந்த சந்தேஷ் ஜிங்கன். மற்றவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்திலிருந்து வந்தவர்.

ஜிங்கன் 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸின் தூணாக இருந்தவர். 2019 அக்டோபரில், தேசிய அணிக்காகத் தயாராகும் ஒரு ஆட்டத்தில் முழங்கால் போனது. அந்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. 2020 மே மாதம் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். அவர் அணிந்த 21ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் மரியாதை செய்தது. பிறகு மோகன் பகான் அவரை எடுத்துக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்தவர், தன் பழைய கிளப்புக்கு எதிராகவே அன்று திரும்ப வந்து ஆடினார்.

அதே ஆட்டத்தில், பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை, சூசைராஜ் கீழே விழுந்தார். முழங்கால். அந்த சீசன் அவருக்கு அங்கேயே முடிந்தது. ஒரே மைதானம், ஒரே சட்டை. முழங்காலிலிருந்து எழுந்து வந்தவர் ஒருவர், முழங்காலால் விழுந்தவர் ஒருவர்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். ஜிங்கன் அந்த சீசன் முழுக்க ஆடி, 2020-21க்கான இந்தியாவின் சிறந்த வீரர் என்று கால்பந்து சம்மேளனத்தின் விருதை வாங்கினார். சூசைராஜ் மறு சீசனில் அதே கிளப்பில் திரும்பினார், ஆனால் ஆடக் கிடைத்தது சில ஆட்டங்களே. 2022இல் ஒடிசா அணிக்குப் போனார். இருவரும் உழைப்பாளிகள், இருவருக்கும் நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. இதிலிருந்து நாம் கற்றது ஒன்று: அடிபட்டவர் திரும்ப வந்து கோப்பை வாங்கித் தருவாரா என்று கணக்குப் போட்டு உதவக் கூடாது. அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் ஆர்சனல் கிளப்புக்கு 2006 ஜனவரியில் அபூ தியாபி என்ற பிரெஞ்சு இளைஞர் வந்தார். அந்த ஆண்டு மே மாதமே எதிரணி வீரர் ஒருவரின் உதையில் கணுக்கால் உடைந்தது. அதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாகக் காயம். ஆனாலும் கிளப் அவரை 2015 வரை வைத்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு மேல் அங்கிருந்தும் அவரால் ஆட முடிந்தது 180 ஆட்டங்கள்தான். இன்னும் நிறைய ஆடியிருக்க வேண்டியவர். 2019இல் ஓய்வு பெற்றார். காத்திருந்ததால் கிளப்புக்கு லாபமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் காத்திருந்தது தவறா? அதையும் நம்மால் சொல்ல முடியவில்லை. அவர் கால் உடைந்தது அந்தக் கிளப்பின் சட்டையில்தானே?

நம் முதல் தவறு

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அரையிறுதி ஆட்டம். தம்பி பந்தோடு ஓடிவந்தவர் சட்டென்று திரும்பினார். யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அவரே சொன்னார். அன்று ராத்திரியே முட்டி வீங்கிவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? சுளுக்கு என்றோம். எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூட்டி வந்தோம். பன்னிரண்டாம் நாள் இறுதி ஆட்டம். 'நீ கேப்' ஒன்றை வாங்கி மாட்டி, வலி மாத்திரை கொடுத்து, "நீ இல்லாமல் முடியாதுப்பா" என்று இறக்கிவிட்டோம். கோப்பை கிடைத்தது. அந்தக் கோப்பை இப்போதும் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. தம்பி நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பிறகு ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே பிணைத்து வைத்திருக்கும் நார் ஒன்று உண்டு. டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள், நம் மக்கள் பொதுவாக ஜவ்வு என்பார்கள். அது அறுந்திருந்தது. அறுந்த நிலையில் மறுபடி ஆடவிட்டதால் பக்கத்தில் இருக்கும் குஷன் போன்ற ஜவ்வும் கிழிந்திருந்தது. இந்த நார் எண்ணெய் தடவி உருவினால் ஒட்டாது. முழுதாக அறுந்துவிட்டால், ஓடித் திரும்பும் விளையாட்டை மறுபடி ஆட நினைப்பவருக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. வேறிடத்து நாரை எடுத்து அங்கே வைத்துக் கட்டுவார்கள்.

அம்மாவின் நகையை அடகு வைத்து ஆபரேஷன் நடந்தது. நம் அறக்கட்டளையும் ஒரு தொகை கொடுத்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் பிசியோதெரபி செய்ய வேண்டும், அதற்குப் பஸ் ஏறிப் போக வேண்டும், வேலைக்குப் போக முடியாது என்பதையெல்லாம் நாங்கள் யோசிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். ஆறாம் மாதம் அடுத்த போட்டி வந்தது. "இப்ப நல்லாத்தானே நடக்கிறே?" என்று கேட்டோம். அவரும் ஆசையில் சரி என்றார். மறுபடி விழுந்தார்.

ஒரு விஷயத்தைத் தம்பிகள் எல்லோரும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் போட்டியில் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அறும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். இளம் வயதில் திரும்ப ஆட வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அதே காலிலோ மறு காலிலோ, மறுபடியும் இந்த நார் போகிறது. நடப்பது வேறு, ஓடுவது வேறு, ஓடிச் சட்டென்று திரும்புவது வேறு. நடக்கிறாரே என்று இறக்கிவிட்டது நம் இரண்டாவது தவறு.

ஆக, "மூன்று முறை அடிபட்டவர்" என்று நாம் பேசுகிறோமே, அதில் முதல் அடி மட்டும்தான் விதி. மற்ற இரண்டும் நம் அவசரத்தால் வந்தவை. "பந்து என் பிள்ளை காலைத் தின்னுடுச்சு" என்று அவருடைய அம்மா அழுதார். பந்து அல்ல அம்மா, நாங்கள்தான்.

இடம் வேறு, பொறுப்பு வேறு

இவ்வளவையும் பார்த்த பிறகு எங்களுக்குத் தெளிவானது இதுதான். நாங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். மைதானத்தில் இறங்கும் பதினோரு பேரில் அவருக்கு இடம் உண்டா என்பது ஒரு கேள்வி. அவர் காலுக்கு நமக்குப் பொறுப்பு உண்டா என்பது இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதிலை உடம்பும் ஆட்டமும் சொல்லும். பரிதாபத்துக்காக ஒருவரை இறக்கினால் அவருக்கும் ஆபத்து, காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் அநியாயம். இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆட்டத்தைப் பொறுத்ததல்ல. உடம்பு இறைவன் தந்த அமானிதம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த அமானிதத்தை ஒருவர் நம்மை நம்பி, நம் பெயருக்காக, நம் மைதானத்தில் இறக்குகிறார். அது சேதப்பட்டால் கணக்கு நம் பக்கம்தான். அவர் திரும்ப ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எந்தக் கிளப்பும் நிபந்தனை போடக் கூடாது என்கிறது விதி. சோதிக்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். 2012 முதல் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. தேசிய அணிக்காக ஆடும்போது ஒரு வீரர் அடிபட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், சம்பளம் கொடுக்கும் கிளப்புக்கு ஃபிஃபா இழப்பீடு தருகிறது. யாருக்காக ஓடினாரோ அவர்களும் சுமையைத் தாங்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

ஒப்பந்தம் போட்டு ஆடுகிறவருக்குச் சட்டம் இருக்கிறது. தேசிய அளவில் பேர் வாங்கியவர் கஷ்டப்பட்டால் மத்திய அரசின் தேசிய நல நிதி 1982 முதல் இருக்கிறது. ஊர் அணிக்கு ஆடி முட்டி போனவருக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டார் இருக்கிறார்கள், நாம் இருக்கிறோம். வேறு யாரும் இல்லை.

நாங்கள் எடுத்த முடிவுகள்

முதலாவது, சிகிச்சை. இனி நம் அணியில் ஆடி அடிபடும் எந்தப் பிள்ளைக்கும், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், ஆபரேஷன் வரை மட்டுமல்ல, பிசியோதெரபி முடியும் வரை கூட இருப்போம். இதற்குத் தனி நிதி தொடங்கியிருக்கிறோம். ஜகாத் பணத்தை இதில் சேர்க்கவில்லை. அதற்கு உரியவர்கள் யார் என்பதில் ஆலிம்கள் சொல்வதே முடிவு. இந்த நிதிக்கு, நாம் நடத்தும் ஒவ்வொரு போட்டியிலும் வரும் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் முதல் பரிசுத் தொகையிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு போகும். இன்று பரிசு வாங்கிய அணியின் கேப்டன் அதை மனமுவந்து ஒப்புக்கொண்டார். அவருக்கு நன்றி. அடிபட்ட மறுநாளே முறையான டாக்டரிடம் காட்ட வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்தச் சிகிச்சை வரும் என்று மருத்துவமனையிலேயே முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், பிறகு நகையைத் தொடுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் எங்களில் ஒருவர் வருவோம்.

இரண்டாவது, அவசரம் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே மறுபடி மைதானம். கேப்டன் கேட்டாலும், ஸ்பான்சர் கேட்டாலும், அந்தப் பிள்ளையே அழுது கேட்டாலும், காகிதம் இல்லாமல் சட்டை கிடையாது. பயிற்சிக்கு முன் செய்ய வேண்டிய இருபது நிமிட உடற்பயிற்சி முறை ஒன்றை ஃபிஃபா மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. அதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். அடுத்த வாரம் முதல் நம் மைதானத்தில் அது கட்டாயம்.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையின் நாலு வருடத்தைத் தின்றுவிட முடியும். அடிபட்டவரோடும் அவர் வீட்டாரோடும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி பேசுவோம். முடியும் என்றால் காத்திருப்போம். முடியாது என்றால் அன்றே சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்கு வழி தேடுவோம். சென்னையின் எஃப்.சி. அணி 2015இலும் 2018இலும் லீக் கோப்பை வாங்கியபோது முன்னால் நின்று கோல் அடித்தவர் மிசோரம் வீரர் ஜெஜெ. காயத்தால் 2019-20 சீசன் முழுவதும் ஆட முடியாமல் போனது. 2020இல் வேறு அணிக்கு மாறினார். ஆட்டம் பழைய நிலைக்கு வரவில்லை. 2023இல் அதே மனிதர் மிசோரம் சட்டமன்ற உறுப்பினரானார். கால் நின்றுபோனால் வாழ்க்கை நின்றுபோவதில்லை.

நம் தம்பிக்கு டாக்டர் சொன்னது இதுதான்: இனி போட்டி ஆட்டம் வேண்டாம். இதை நாங்கள் அவரிடம் நேராகச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணே, பதினோரு பேர்ல எனக்கு இடம் வேணாம். சட்டையை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க" என்றார். அன்று எங்களில் யாராலும் அதற்கு மேல் பேச முடியவில்லை.

சட்டையைக் கேட்க மாட்டோம் தம்பி. ஆனால் சட்டையைக் கொடுத்து அனுப்பிவிடவும் மாட்டோம். மரியாதை வேறு, மருந்து வேறு, பிழைப்பு வேறு. மூன்றும் வேண்டும். வாரம் நான்கு நாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவர் ஏற்கிறார். இது தர்மம் அல்ல, சம்பளம். நடுவர் பயிற்சிக்குப் போகும் செலவும் நம்முடையது. அம்மாவின் நகையை மீட்பது இந்தப் புதிய நிதியின் முதல் செலவு. அது உதவியும் அல்ல, நாம் திருப்பித் தரும் கடன்.

ஒரு பழைய கடிதம்

முடிக்கும் முன் ஒரு செய்தி. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. அதில் ஆடிய முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து போனார். அங்கே செல்டிக் கிளப்புக்காக, காலில் பூட்ஸ் போடாமல், கட்டுத் துணி சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடினார். பார்த்தவர்கள் வியந்து போனார்கள். ஊர் ஞாபகம் வந்துவிட, அவர் திரும்பிவிட்டார்.

பல பத்தாண்டுகள் கழிந்தன. சலீம் வயதாகி நோயில் இருந்தார். அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு, அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினார். பணம் அவருடைய நோக்கமல்ல. அவர்களுக்கு இன்னும் தன் அப்பாவை நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதினாராம். பதில் வந்தது, கூடவே நூறு பவுண்டு டிராஃப்டும் வந்தது. இரண்டே இரண்டு ஆட்டம் ஆடியவரை, கடல் தாண்டி இருந்த ஒரு கிளப் மறக்கவில்லை. அந்த மகனுக்கு நூறு பவுண்டைவிட அந்த நினைவுதான் பெரிதாக இருந்தது.

நம் தம்பி நமக்காக ஆடியது ஐந்து வருடம். அவர் இருப்பது கடல் தாண்டியும் இல்லை, அடுத்த தெருவில்.

சகோதரர்களே, இந்த ஊரில் ராஜேந்திர சோழன் வெட்டிய ஏரி இன்னும் இருக்கிறது. வெட்டியவர் பேர் நிற்கிறது. ஆனால் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் அதில் தண்ணீர் நிற்கும். போட்டி நடத்துவதும் கோப்பை வாங்குவதும் ஏரி வெட்டுவது மாதிரி. விழுந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கரையைக் காப்பது. இத்தனை நாள் வெட்டிக்கொண்டே இருந்தோம், கரையைப் பார்க்கவில்லை. இனிப் பார்ப்போம்.

நிதிக்கான ரசீதுப் புத்தகம் வாசலில் மேசை மேல் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கு இந்த மலரில் ஒவ்வோர் இதழிலும் வரும். போகும்போது தம்பியின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். பரிதாபப்பட வேண்டாம், அடுத்த வாரம் உங்கள் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள். அவருடைய காலுக்கும், இங்கே ஓடிய எல்லாப் பிள்ளைகளின் கால்களுக்கும் துஆ செய்வோம்.